மீசையில் மண் ஒட்டாமல் தோற்பது எப்படி?

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் ஜெயிப்பது எப்படி என்று சொல்லித்தர ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. தோற்பது எப்படி என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. இருவர் மோதும் ஆட்டம் இது. ஒருவர் ஜெயிக்கும்போதெல்லாம் இன்னொருவர் தோற்றாக வேண்டும். ஒசாகாவின் கேப்காம் நிறுவனம் 1991-இல் இதை வெளியிட்டதிலிருந்து உலகில் எத்தனை வெற்றிகள் நடந்தனவோ அத்தனை தோல்விகளும் நடந்திருக்கின்றன. இருவரும் ஒரே நொடியில் மல்லாக்க விழுந்த ஆட்டங்களையும் சேர்த்தால் தோல்வியின் கணக்கு சற்றுக் கூடுதலாகவே வரும். இவ்வளவு பெரிய வாசகர் கூட்டத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டது பதிப்புலகத்தின் குற்றம்.

ஆகவே இந்த வழிகாட்டி. கையில் கன்ட்ரோலர் திணிக்கப்பட்டவர்கள், "சின்ன வயசுல நானும் ஆடியிருக்கேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள், அக்கா மகனிடம் மாமா என்ற மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் ஆகியோருக்கு இது உதவும். இந்த வரிசையின் பழைய ஆட்டங்கள் பலவற்றைத் திரட்டி 2018-இல் கேப்காமே ஒரு தொகுப்பாக வெளியிட்டுவிட்டது. எனவே "அந்த கேம் இப்பல்லாம் எங்க கிடைக்குது?" என்று நழுவவும் வழியில்லை.

யாரிடம் தோற்பது

இயந்திரத்திடம் தோற்காதீர்கள். அதில் பெருமையும் இல்லை, பாடமும் இல்லை. அது போங்காட்டம் ஆடும். கைல் என்ற அமெரிக்க விமானப்படை மேஜரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய சோனிக் பூம் என்ற வீச்சு வர வேண்டுமென்றால் நீங்களும் நானும் குச்சியைப் பின்னால் இழுத்து, கிட்டத்தட்ட ஒரு வினாடி அப்படியே பிடித்திருந்து, சட்டென்று முன்னால் தள்ளிக் குத்து பட்டனை அழுத்த வேண்டும். அதே கைலைக் கணினி ஆட்டுவிக்கும்போது அவர் ஹாயாக முன்னால் நடந்து வந்தபடியே வீசுவார். பின்னால் இழுக்கும் வேலையெல்லாம் காசு போட்டவனுக்கு மட்டும்தான். இப்படிப்பட்டவரிடம் தோற்றுவிட்டு ராத்திரி தூக்கம் கெடுவது அநியாயம்.

மனிதரிடம்தான் தோற்க வேண்டும், அதிலும் தெரிந்த மனிதரிடம். கேப்காம் 1993-இல் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்று இன்னொரு ஆட்டம் வெளியிட்டது. நம் ஊர் வீடியோ கேம் கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள்; "முஸ்தபா கேம்" என்றால் சட்டென்று கை நீட்டிக் காட்டுவார்கள். அதில் நண்பர்கள் தோளோடு தோள் நின்று வில்லன்களை அடித்துக்கொண்டே போவார்கள். தோற்றாலும் சேர்ந்து தோற்கலாம், பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நட்புதான் முக்கியம் என்பவர்கள் அங்கேயே இருந்துவிடுவது நல்லது. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் நிலைமை வேறு. நீங்கள் பாட்டுக்கு இயந்திரத்தோடு ஆடி, நாலு நாடு தாண்டி வந்திருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில் வந்து நின்று இரண்டாவது துளையில் ஒரு காசு போடுவார். ஆட்டம் அங்கேயே நிற்கும். புதிதாக ஒரு சவால்காரர் வந்திருக்கிறார் என்று திரை அறிவிக்கும். உங்கள் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. அவரிடம் தோற்றால் உங்கள் காசும் போச்சு, நீங்கள் கடந்துவந்த தூரமும் போச்சு. மிச்ச ஆட்டம் அவருடையது. சில நிமிடங்களுக்கு ஒரு முறை ஒருவரைத் துரத்திவிட்டு இன்னொருவர் காசைக் கேட்கும் இந்த ஏற்பாட்டைக் கண்டு கடைக்காரர்கள் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்கள் என்று விளக்கத் தேவையில்லை.

எங்கே தோற்பது

வீட்டுக்கு வெளியே தோற்பதில் ஜப்பானிய முறை, அமெரிக்க முறை என்று இரண்டு உண்டு.

ஜப்பானிய கேம் சென்டர்களில் இரண்டு இயந்திரங்களை முதுகோடு முதுகு ஒட்டி வைப்பார்கள். நீங்கள் இந்தப் பக்கம், எதிராளி அந்தப் பக்கம். அவர் முகம் உங்களுக்குத் தெரியாது, உங்கள் முகம் அவருக்குத் தெரியாது. தோற்றதும் 100 யென் நாணயம் ஒன்றைத் தேடி எடுத்து மறுபடி போடலாம், அல்லது எழுந்து போய்விடலாம். உங்களைத் தோற்கடித்தவர் பள்ளிக்கூடப் பையனா பணி ஓய்வு பெற்றவரா என்பதுகூடத் தெரியாமல் கௌரவமாக வீடு திரும்பும் வசதி இதில் இருக்கிறது. கூச்ச சுபாவக்காரர்களுக்கு ஏற்றது.

அமெரிக்க ஆர்கேடுகளில் ஒரே பலகையில் இரண்டு குச்சிகள். இருவரும் முழங்கை இடிபட நிற்க வேண்டும். அடுத்து ஆட வேண்டியவர்கள் தங்கள் 25 சென்ட் காசைத் திரைக்குக் கீழே வரிசையாக வைத்துவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார்கள். அந்தக் காசுதான் டோக்கன். உங்கள் தோல்விக்கு இங்கே பார்வையாளர்கள் உண்டு, அவர்களில் ஒருவர் நிச்சயம் "த்ச்" கொட்டுவார். ஆனால் நன்மையும் உண்டு: பக்கத்து ஆளின் கை கண்ணின் ஓரத்தில் தெரியும். குச்சி எந்தப் பக்கம் சாய்கிறது, எந்த விரல் எந்த பட்டனை நோக்கிப் போகிறது என்று திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொள்ளலாம். பார்த்தும் தோற்பீர்கள், அது வேறு விஷயம்.

மூன்றாவது, வீட்டு சோஃபா. 1992-இல் சூப்பர் நின்டெண்டோ கருவிக்கு வந்த பதிப்பு மட்டும் 63 லட்சம் பிரதிகள் விற்றது. அதாவது 63 லட்சம் வீட்டு ஹால்களில் அண்ணன் தம்பிச் சண்டைக்கு ஒரு புதுக் காரணம் கிடைத்தது.

எந்த ஆளாகத் தோற்பது

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. நிதானமாகப் படியுங்கள்.

முதல் பதிப்பில் எடுத்து ஆட எட்டுப் பேர் இருக்கிறார்கள். இருவரும் ஒரே ஆளை எடுக்க முடியாது. அதற்குத்தான் ரியூவும் கென்னும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கிறார்கள். முந்தைய 1987 ஆட்டத்திலேயே ஒருவர் முதல் ஆட்டக்காரருக்கு, மற்றவர் இரண்டாமவருக்கு என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். இந்த இருவரில் ஒருவரை எடுத்துத் தோற்பதை நான் பரிந்துரைப்பதில்லை. எட்ட நின்று வீச நெருப்பு இருக்கிறது, தாவி வருபவரை அடிக்க மேலெழும் குத்து இருக்கிறது, காலில் வேகம் இருக்கிறது. எல்லாம் கொடுத்தும் தோற்றால் குற்றம் முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

ஜாங்கீஃப் நல்ல தேர்வு. சோவியத் மல்லர், மலை போன்ற உடம்பு, மெதுவாக நடப்பார். அவருடைய பேர்போன பிடி, எதிராளியைத் தலைகீழாகக் கட்டிப்பிடித்துச் சுழன்று எழும்பித் தரையில் இறக்குவது. விழுந்தால் எதிராளிக்கு மிச்சமுள்ள உயிரைத் திரையில் காட்டும் உயிர்க்கோட்டில் பெரிய துண்டு காணாமல் போகும். அதற்குக் குச்சியை ஒரு முழு வட்டம் சுழற்றிக் குத்து பட்டனை அழுத்த வேண்டும். சிக்கல் என்னவென்றால், வட்டத்துக்குள் "மேலே" என்ற திசையும் இருக்கிறது. மேலே தள்ளினால் தாவல். ஆகவே புதியவர் வட்டம் போடும்போதெல்லாம் ஜாங்கீஃப் பிடிப்பதற்குப் பதிலாக அந்தரத்தில் எழும்புவார். இறங்கும் இடத்தில் ஒரு உதை காத்திருக்கும். திரும்பத் திரும்ப இதுவே நடக்கும். ஆனாலும் யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். "ஜாங்கீஃபை வச்சு ஆடுறது கஷ்டம்தான்" என்று ஜெயித்தவரே ஆறுதல் சொல்வார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை எடுக்கலாம்.

பிளாங்காவிடம் எச்சரிக்கை தேவை. பிரேசில் காட்டிலிருந்து வந்த பச்சை மனிதர். குத்து பட்டனைக் கண்மூடித்தனமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் உடம்பெல்லாம் மின்சாரம் பாயும், தொட்டவர் துடிப்பார். ஈ. ஹோண்டாவின் நூறு அறை, சுன் லீயின் மின்னல் உதை ஆகியவையும் இப்படித் தட்டினாலே வந்துவிடும். ஒப்புக்குச் சப்பாணியாக உட்கார வைக்கப்பட்ட அண்ணி, கன்ட்ரோலரை வாழ்நாளில் முதல் தடவை தொட்டவர், பிளாங்காவை எடுத்துத் தட்டு தட்டென்று தட்டி, பல வருஷம் ஆடிய உங்கள் அண்ணனை மின்சாரத்தில் பொசுக்கிவிடக்கூடும். தோற்க வந்தவர் தவறிப்போய் ஜெயித்துவிடும் ஆபத்து இந்த மூவரிடமும் இருக்கிறது.

இனி தல்சிம். நம் ஆள். இந்திய யோகி. அவர் களத்தில் பின்னணியில் யானைகள் நின்று துதிக்கையைத் தூக்கிப் பிளிறும். கழுத்தில் சின்னச் சின்ன மண்டையோடுகள். தன் கிராமத்தில் கொள்ளைநோயில் இறந்த குழந்தைகளுடையவை என்பது கதை. ஊருக்குப் பணம் சேர்க்கத்தான் சண்டைக்கே வருகிறார். யோகா என்றால் வாயில் தீ வரும், கை கால் ரப்பராய் நீளும் என்று எங்கேயோ யாரோ கேள்விப்பட்டு வரைந்த உருவம். இந்தக் கற்பனை கேப்காமுக்கும் முந்தியது: 1976-இல் வந்த "மாஸ்டர் ஆஃப் தி ஃப்ளையிங் கில்லட்டின்" படத்திலேயே கை நீளும் இந்திய யோகி ஒருவர் சண்டை போடுகிறார். கோபப்பட்டாலும் சிரித்தாலும் உங்கள் இஷ்டம். என்னைக் கேட்டால், உருவத்தில் கேலிச்சித்திரம்தான், ஆனால் ஆட்டத்தில் எட்டுப் பேரிலேயே மூளை அதிகம் கேட்பவர் அவர்.

எப்படியென்றால், தல்சிம் ஆமை நடை நடப்பார். தாவினால் காற்றில் மிதந்து மிதந்து இறங்குவார். அதற்குள் எதிராளி எங்கே அடிக்கலாம் என்று யோசித்து முடித்துவிடுவார். அவருடைய பலம் முழுக்க நீளத்தில். திரையின் பாதிக்கு நீளும் கையால் எதிராளியைக் கிட்டவே விடாமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் நீட்டிய கையும் அவர் உடம்புதானே. அந்த முஷ்டியில் அடி விழுந்தாலும் வலி அவருக்குத்தான். பத்தடி தள்ளி நிற்கிறீர்கள், அடி வாங்குகிறீர்கள். எப்போது நீட்டுவது, எப்போது சும்மா இருப்பது என்று தெரிந்தவர் கையில் தல்சிம் ஒரு மதில். தெரியாதவர் கையில் அவர் மூலைக்கு மூலை உதை வாங்கும் ஏழை. ஆனால் இந்தியர் ஒருவர் தல்சிமை எடுத்துத் தோற்கும்போது அது தனிமனிதத் தோல்வியாகக் கருதப்படுவதில்லை. தேசப்பற்றுக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். யானைகளும் கடைசிவரை பிளிறிக்கொண்டுதான் இருக்கும்.

தோல்வி எப்படி வேலை செய்கிறது

தோற்பதற்கும் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். குச்சியைக் கீழே, கீழிருந்து முன்மூலைக்கு, அங்கிருந்து முன்னால் என்று கால்வட்டம் உருட்டிக் குத்தினால் ரியூவின் உள்ளங்கைகளிலிருந்து ஹடோகென் கிளம்பி உங்களை நோக்கி வரும். நம் பையன்கள் இதை "ஃபயர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அது வரும்போது உங்களுக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். பின்னால் இழுத்துத் தடுக்கலாம். ஆனால் தடுத்தாலும் உயிர்க்கோட்டில் ஒரு துளி குறையும். மேலே தாவிக் கடக்கலாம். ஆனால் கீழே ரியூ ஷோர்யுகென் என்ற மேலெழும் குத்தோடு காத்திருப்பார். சரி, சும்மா இருக்கலாமே என்றால், அடுத்த நெருப்பு வரும்.

இதுவரை இது இயந்திர அறிவு. இனிமேல்தான் விஷயம். மூன்று நெருப்பைப் பார்த்துவிட்டீர்கள். நாலாவது இப்போது வரும் என்று உங்கள் மனம் சொல்கிறது. அது கிளம்பும் முன்பே தாவினால் ஷோர்யுகெனுக்குத் தப்பி உதைத்துவிடலாம் என்று தாவுகிறீர்கள். அவர் வீசவே இல்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார். நீங்கள் தாவப்போவது உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நிதானமாக ஷோர்யுகென். அடுத்த முறை தாவக் கூடாது என்று பல்லைக் கடித்து நிற்கிறீர்கள், இப்போது வீசுகிறார். சரி, இவர் தாவலுக்காகத்தான் காத்திருக்கிறார் என்று தாவாமல் நடந்து நெருங்குகிறீர்கள். பதற்றத்தில் அவர் ஷோர்யுகெனை வீணாகப் போட்டுவிட்டு மேலே போகிறார். அது தவறினால் இறங்கும்வரை அவர் நிராயுதபாணி. கீழே நின்று உங்களுக்கு வேண்டிய அடியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆக, அவரும் ஒவ்வொரு முறையும் பந்தயம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த ஆட்டத்தின் வசியம் என்று நான் நினைப்பது இதைத்தான்: எதனால் தோற்றோம் என்பது தோற்ற கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. அகிரா நிஷிதானி திட்டமிட்டார், அகிரா யசுதா வரைந்தார். உருவங்கள் பெரியவை. ஒவ்வொரு அசைவுக்கும் தொடக்கம், நடு, முடிவு என்று கண்ணுக்குத் தெரியும்படி வரைந்திருக்கிறார்கள். அடி பட்டால் இருவரும் ஒரு கணம் அப்படியே உறைந்து நிற்பார்கள், யார் யாரை அடித்தது என்று உலகம் பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல. உயிர் குறைந்துவிட்டால் பின்னணி இசை வேகமெடுக்கும். யோகோ ஷிமோமுரா அமைத்த மெட்டுகளில் பாதியைப் பலர் இந்த அவசரக் கதியிலேயேதான் கேட்டிருப்பார்கள். "அந்த இடத்துல தாவியிருக்கக் கூடாது" என்று துல்லியமாகச் சொல்ல முடிகிறபோது, அந்த இடத்தில் தாவாத இன்னொரு ஆட்டத்தை ஆடிப் பார்க்காமல் எப்படி எழுந்துபோவது? ஆடிப் பார்த்தால் வேறு இடத்தில் தாவியிருப்பீர்கள்.

தொடர் அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் அடி பட்டு எதிராளி தள்ளாடும் இடைவெளியில் அடுத்த அடியை நுழைத்துவிட்டால் அவரால் தடுக்க முடியாது. இதற்குத்தான் காம்போ என்று பெயர்; இன்றைய சண்டை ஆட்டங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் இது உண்டு. ஆனால் யாரும் திட்டமிட்டு இதை வைக்கவில்லை. தயாரிப்பின்போது பிழை தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. இவ்வளவு நுணுக்கமான நேரக்கணக்கை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். பிடித்துவிட்டார்கள். மூலையில் சிக்கி நீங்கள் வாங்கும் நாலு அடியில் பின் மூன்றுக்கு யாரும் பொறுப்பில்லை என்று ஆறுதல் கொள்ளலாம்.

எப்போது "போங்கு" என்று கத்துவது

தடுத்துக்கொண்டே இருப்பவரை என்ன செய்வது? கிட்டப் போய்த் தூக்கி எறியலாம். எறிதலைத் தடுக்க முடியாது. முதல் பதிப்பில் எறியப்பட்டபின் சேதத்தைக் குறைக்கவும் வழியில்லை. ஒரு சின்னக் குத்து, அதைத் தடுக்கிறீர்கள், அந்தத் தடுப்பு தளரும் முன்பே அவர் உங்களைத் தூக்கிவிட்டார். எழுந்தால் மறுபடியும் அதே.

அமெரிக்க ஆர்கேடுகளில் பல இடங்களில் இதற்கு எழுதாத சட்டம் போட்டுவிட்டார்கள்: எறிவது அசிங்கம். சட்டம் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. ஓர் இடத்தில் எறிதல் தப்பு, வேறோர் இடத்தில் ஓரமாக உட்கார்ந்தபடி நெருப்பு வீசிக்கொண்டே இருப்பது தப்பு. டேவிட் சிர்லின் என்ற ஆட்டக்காரர் இதற்கெதிராகவே "பிளேயிங் டு வின்" என்று ஒரு புத்தகம் எழுதினார். ஆட்டம் அனுமதிக்கும் ஒன்றைத் தானே தடைசெய்துகொண்டு, மற்றவர்களும் தடைசெய்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பவரால் ஒருநாளும் தேற முடியாது என்பது அவர் கட்சி. நியாயம்தான். ஆனால் அது ஜெயிக்க விரும்புகிறவர்களுக்கான புத்தகம். நம் பாடத்திட்டத்தில் இல்லை. நாம் கத்தலாம். கத்துவதற்குச் சரியான நேரம் இரண்டாவது எறிதல். முதல் எறிதலுக்கே கத்தினால் அழுகுணி. மூன்றாவதுவரை பொறுத்தால் சம்மதம் என்றாகிவிடும். 1994-இல் வந்த சூப்பர் டர்போ பதிப்பில் எறியப்பட்டாலும் சரியான கணத்தில் பட்டனைத் தட்டிச் சேதத்தைக் குறைத்துக்கொள்ளும் வழி வைத்தார்கள். அந்தப் பதிப்பு ஓடும் இடத்தில் கத்தினால் "தட்ட வேண்டியதுதானே" என்பார்கள். எனவே எந்தப் பதிப்பு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்குகள்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி கேலிக்குச் சொல்லப்பட்டது. ஆனால் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. கெட்டிக்காரர் அவற்றைத் தேடி வைத்துக்கொள்வார்.

டிவி முதலிடம். பழைய குழாய் டிவியில் பட்டன் அழுத்துவதற்கும் படம் அசைவதற்கும் இடையே தாமதம் அநேகமாக இல்லை. இன்றைய தட்டை டிவி படத்தை மெருகேற்றிக் காட்ட நேரம் எடுத்துக்கொள்ளும். இந்த ஆட்டம் வினாடிக்கு 60 படங்களாக ஓடுகிறது. நாலைந்து படம் பிந்தினாலே ஷோர்யுகெனுக்கு நேரம் தவறும். ஆகவே இது கற்பனைச் சாக்கு அல்ல, அறிவியல். டிவியின் அமைப்புகளில் "கேம் மோடு" என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால் தாமதம் வெகுவாகக் குறைந்துவிடும். ஆட்டம் தொடங்குமுன் யாரும் பார்க்காதபோது அதை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது, அதிர்ஷ்டம். ஒரே உதை எல்லா முறையும் ஒரே அளவு உயிரைக் குறைப்பதில்லை. ஆட்டத்துக்குள்ளேயே சிறு ஏற்ற இறக்கம் வைத்திருக்கிறார்கள். நூலிழையில் தோற்ற ரவுண்டுகளுக்கு இதைப் பயன்படுத்தலாம். முதல் அடிகூட அடிக்காமல் தோற்ற ரவுண்டுகளுக்கு வேண்டாம்.

மூன்றாவதுதான் என் செல்லச் சாக்கு: "நான் ஆடினது வேற வெர்ஷன்." யாராலும் மறுக்க முடியாது. 1991-இல் முதல் பதிப்பு. 1992-இல் சாம்பியன் எடிஷன்; கடைசி நாலு வில்லன்களையும் எடுத்து ஆடலாம், இருவரும் ஒரே ஆளை எடுக்கலாம். அதைத் திருட்டுத்தனமாக மாற்றி, அந்தரத்தில் நெருப்பு வீசவும் நடு ஆட்டத்தில் ஆளை மாற்றவும் முடிகிற ரெயின்போ எடிஷன் என்ற கள்ளப் பதிப்பு அமெரிக்கக் கடைகளில் சக்கைப்போடு போட்டது. அதற்குப் பதிலடியாக அதே வருடக் கடைசியில் கேப்காமே வேகத்தைக் கூட்டி ஹைப்பர் ஃபைட்டிங் வெளியிட்டது. 1993-இல் நாலு புது ஆட்களோடு சூப்பர். 1994-இல் சூப்பர் டர்போ. நீங்கள் எதில் பழகியிருந்தாலும் இப்போது முன்னால் இருப்பது அதுவல்ல என்று அடித்துச் சொல்லலாம்.

தோல்வி கண்ணெதிரே வந்துவிட்டது, சாக்குக்கும் நேரமில்லை என்றால் பெயர்த் தகராறைக் கிளப்புங்கள். அந்த நாலு வில்லன்களில் ஒருவரான குத்துச்சண்டைக்காரருக்கு ஜப்பானில் எம். பைசன் என்று பெயர். மைக் டைசனைப் பார்த்து வைத்தது. வழக்குக்குப் பயந்து வெளிநாட்டுப் பதிப்பில் மூன்று வில்லன்களின் பெயர்களை அவர்களுக்குள்ளேயே மாற்றிப் போட்டுவிட்டார்கள். "பைசன்னா யாரு, தொப்பி போட்டவனா கிளவுஸ் போட்டவனா?" என்று சரியான நேரத்தில் கேட்டால், எதிராளி விளக்கத் திரும்பும் அரை வினாடியில் ஓர் உதையாவது போடலாம்.

இல்லாத எதிரியிடம் தோற்பது

1992 ஏப்ரலில் அமெரிக்க இதழான எலக்ட்ரானிக் கேமிங் மந்த்லி ஒரு ரகசியத்தை வெளியிட்டது. ரியூவை எடுத்துக்கொண்டு, ஓர் அடிகூட வாங்காமல் கடைசி வில்லன்வரை போக வேண்டும். அவரை அடிக்காமலும் அவரிடம் அடி வாங்காமலும் ரவுண்டு ரவுண்டாக நேரத்தைக் கடத்த வேண்டும். அப்போது ஷெங் லாங் என்ற மறைந்திருக்கும் குருநாதர் வந்து சண்டைக்கு நிற்பார். எத்தனையோ பேர் எத்தனையோ காசை இதில் கொட்டினார்கள். வெளியான மாதத்தைக் கவனித்தவர்கள் பிழைத்தார்கள். அது முட்டாள்கள் தின வேடிக்கை. தோல்விக் கலையின் வரலாற்றில் இதற்குத் தனி இடம் உண்டு: எதிராளியே இல்லாமல் தோற்பது. 1994-இல் அகுமா என்ற மறைந்திருக்கும் எதிரியைக் கேப்காம் உண்மையாகவே வைத்தது. அவர் வந்து கடைசி வில்லனை நொடியில் முடித்துவிட்டு உங்களைப் பார்ப்பார். மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

மேற்படிப்பு

1996-இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் ஊரில் ஒரு விளையாட்டுக் கூடத்தில் 40 பேர் போலக் கூடி நடத்திய போட்டிதான் பின்னால் ஈவோ என்ற உலகப் போட்டியாக வளர்ந்தது. 2004-இல் அது பொமோனாவில் நடந்தபோது, இதே குடும்பத்தின் பிந்தைய ஆட்டமான தேர்ட் ஸ்ட்ரைக்கில், ஜப்பானின் டைகோ உமேஹராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினார்கள். உமேஹராவின் கென்னுக்கு உயிர் நூலளவு மிச்சம். தடுத்தாலே செத்துவிடும் நிலை. வாங் சுன் லீயின் பெரிய தாக்குதலை ஏவிவிட்டார்: 15 உதைகள். அந்த ஆட்டத்தில் அடி விழும் கணத்தில் குச்சியை முன்னால் தட்டினால் சேதமே இல்லாமல் ஒதுக்கலாம். நேரம் தவறினால் முழு அடி. உமேஹரா 15-ஐயும் ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுத் திருப்பி அடித்து அந்த ரவுண்டை முடித்தார். கூட்டம் போட்ட கூச்சல் இன்றும் காணொளியில் கேட்கிறது. உலகம் அதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தத் தேர்ட் ஸ்ட்ரைக் போட்டியில் பட்டம் வென்றவர் உமேஹரா அல்ல. இறுதி ஆட்டத்தில் கென்ஜி ஒபாட்டாவிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றார். இறுதி ஆட்டத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. தோற்ற வருடத்திலேயே இவ்வளவு பெயர் வாங்கியவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த முறைக்கு 15 உதைகளை ஒதுக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் வீட்டில் முயல வேண்டாம்.

தவறிப்போய் ஜெயித்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இது நடக்கும். எதிராளிக்குத் தும்மல் வரலாம், போன் அடிக்கலாம். முதலில் திரையைப் பார்க்காதீர்கள். தோற்றவரின் முகம் வீங்கி, ரத்தம் வழியும் படத்தைப் போட்டு, பக்கத்தில் ஜெயித்தவரின் வாயில் ஒரு திமிர் வசனத்தையும் போடும் கெட்ட வழக்கம் இந்த ஆட்டத்துக்கு உண்டு. சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவது கூடவே கூடாது. விளக்கம் சொல்லாதீர்கள். "அந்த இடத்துல நீ தாவியிருக்கக் கூடாதுடா" என்பது அன்பில் சொன்னாலும் அடி மாதிரிதான் விழும்.

தோற்றவர் கொஞ்ச நேரம் கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பட்டன் ஒன்றை அழுத்தி அழுத்தி எடுப்பார். பிறகு "மாமா, பக்கம் மாத்திக்கலாமா? இந்தப் பக்கம் சரியா வரலை" என்பார். மாற்றிக்கொள்ளுங்கள். ஆளை மாற்றப் போவார். ரியூவை விட்டுக் கைலுக்குப் போய், யோசித்து, மறுபடி ரியூவுக்கே வருவார். அவசரப்படுத்தாதீர்கள். சாப்பாடு ஆறுகிறது என்று சமையலறையிலிருந்து குரல் வரும். "இதோ, கடைசி ஒண்ணு" என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். நீங்கள் ஜாங்கீஃபை எடுங்கள்.